கயல் ஏன் அந்த ஆற்றைத் தாண்டக் கூடாது

கேள்வி இது: "9 முதல் 12 வயது வாசகர்களுக்காக ஒரு சாகசக் கதை எழுதுகிறேன். நாயகி கயலுக்கு 11 வயது. எதையும் இரண்டு முறை யோசிப்பவள், பட்டியல் போட்டுப் பை கட்டுபவள். அம்மாவும் அப்பாவும் நேர் எதிர். பாதை எங்கே முடிகிறதோ அங்கேதான் அவர்களுக்கு உற்சாகமே பிறக்கும். மூவரும் மலைக்காட்டில் வழி தவறி நான்கு நாள் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் கயல் பயத்தை உதறிவிட்டு, பொங்கி ஓடும் ஆற்றைத் தனியாகத் தாண்டிப் போய் உதவி கொண்டுவருகிறாள். படித்துப் பார்த்த நண்பர்கள், கயல் சலிப்பூட்டுகிறாள் என்கிறார்கள். பெற்றோரைப் பார்த்தால் கோபம் வருகிறதாம். எங்கே பிசகு?"

உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். அது கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. கயலின் முன்யோசனையை ஒரு நோய் போல வைத்துக்கொண்டு, நான்கு நாளில் அவளைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். அப்படி வைத்துவிட்டால், ஆற்றைத் தாண்டும் வரை அவள் செய்கிற எல்லாமே 'இன்னும் குணமாகவில்லை' என்பதற்கான அடையாளமாகிவிடும். வாசகர் அவள் மாறுவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். பெற்றோர் பக்கம் இன்னும் சிக்கல். அவர்கள் வழிதான் சரி என்று கதை கடைசியில் ஒத்துக்கொள்கிறது. ஆனால் வாசகர் கண்ணால் பார்த்ததோ பிள்ளையைக் காட்டில் மாட்டவைத்த இரண்டு பேரை. கோபம் வராமல் என்ன செய்யும்?

நான் பல வருடங்கள் பிள்ளைகளை மலையேற்றத்துக்கு அழைத்துப் போகும் வேலையில் இருந்தவன். ஒருநாள் காலையில் ஓர் ஓடையைத் தாண்டினோம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். எல்லோரும் சளசளவென்று நடந்து போக, 12 வயதுப் பையன் ஒருவன் மட்டும் கரையில் நின்றான். "சாயங்காலம் திரும்பி வரும்போதும் தண்ணி இவ்வளவுதான் இருக்குமா சார்?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டு அவன் முதுகில் தட்டி நடக்கச் சொன்னேன். மத்தியானம் மேலே, எங்கள் கண்ணுக்குத் தெரியாத சரிவில் மழை கொட்டியிருக்கிறது. எங்கள் மேல் ஒரு துளி விழவில்லை. திரும்பி வந்தபோது அதே ஓடை தொடை அளவுக்குப் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. இரவு முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்து, விடிந்து, தண்ணீர் வடிந்த பிறகுதான் தாண்டினோம். எங்கள் கூட்டத்திலேயே உலர்ந்த மாற்றுச் சட்டையும் கம்பளித் தொப்பியும் இருந்தது அவன் பையில் மட்டும்தான். அதையும் அவன் தன்னைவிடச் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான்.

காலையில் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் முத்திரை குத்தியது நான்தான். பிறகு நினைத்துப் பார்த்தால் அவன் முகத்தில் பயமே இருந்திருக்கவில்லை. எங்களுக்கு அந்த ஓடை அந்த நிமிடத்தில் இருந்தபடி தெரிந்தது. அவனுக்கு அதன் சாயங்காலமும் சேர்ந்து தெரிந்தது. உங்கள் கயலை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். அவள் "வேண்டாம்", "பயமாக இருக்கிறது" என்று சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிட்டு, அங்கே ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "வேண்டாம்" என்ற சொல்லோடு காட்சி நின்றுவிடும். "இந்தக் கயிறு போன தடவை எப்போ கட்டினதுப்பா?" என்றால் அப்பா பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் அவரைக் காட்டிக்கொடுக்கும், வாசகரும் கயிற்றைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். யோசித்து நடக்கும் பிள்ளைதான் சாகசக் கதைக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கண். மேகம் திரள்வதும், அப்பாவின் பேச்சு குழறுவதும், காலடியில் மண் மாறுவதும் அவளுக்குத்தான் முதலில் படும்.

இந்தச் சுபாவம் வளர்ப்புக் கோளாறு அல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொம்மையும் புது ஓசையும் புது வாசனையும் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி, முதுகை வளைத்து அழுதது. அந்தக் குழந்தைகளில் பலர் பிற்பாடு புது ஆள், புது இடம் என்றால் தயங்கி நிற்கும் பிள்ளைகளாக வளர்ந்தார்கள். எல்லோரும் அல்ல, பலர். அதற்கு முன்பே, 1956-இல் நியூயார்க்கில் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கிய அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதி, மெல்ல மெல்லப் பழகும் பிள்ளைகள் என்று ஒரு வகையைப் பிரித்தார்கள். ஏறத்தாழ 15 சதவீதப் பிள்ளைகள் அதில் வந்தார்கள். அவர்கள் சொன்னதில் உங்களுக்குப் பயன்படுவது இன்னொன்று: சுபாவத்தில் நல்லது கெட்டது இல்லை, பிள்ளையின் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்பதுதான் விஷயம். கயல் வீட்டில் பொருந்தவில்லை. கதை அங்கேதான் இருக்கிறது. அவளைத் திருத்தினால் பொருத்தம் வந்துவிடும் என்பது ஒரு முடிவு. வீடு கொஞ்சம் நகர்ந்து கொடுப்பது இன்னொரு முடிவு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

சரி, பெற்றோருக்கு வருவோம். அவர்கள் மேல் கோபம் வருவதற்கு முக்கியக் காரணம், இருவரும் ஒரே அச்சில் வார்த்த துணிச்சல்காரர்களாக இருப்பது. துணிச்சலில் பல ரகம் உண்டு. அம்மாவுக்கு ஒரு ரகம், அப்பாவுக்கு ஒரு ரகம் கொடுங்கள்.

அம்மாவை அலுப்பு தாங்காதவராக வைக்கலாம். மார்வின் சக்கர்மன் என்ற உளவியலாளர் 1964-இல் இதை அளக்க ஒரு கேள்விப் பட்டியலே தயாரித்தார். புதிது, தீவிரமானது, இதுவரை அனுபவிக்காதது எதுவோ அதற்காக ஆபத்தையும் விலையாகக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து அவர்களுக்குப் பிடிக்கும் என்றில்லை. கணக்கில் அதன் எடை குறைவு. இப்படிப்பட்ட அம்மா வீட்டில் எவ்வளவு இனிமையானவராக இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். மழையில் நனையக் கூப்பிடுவார், நடு இரவில் எழுப்பி எரிகல் காட்டுவார். கயல் அவரை மனதார நேசிக்க வேண்டும். அந்த நேசம் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டால், பிற்பாடு வாசகர் அம்மாவைத் திட்டினாலும் வெறுக்க மாட்டார்.

அப்பாவின் துணிச்சலை அனுபவத்தில் இருந்து வரவழையுங்கள். அதுதான் அதிக ஆபத்தானதும். இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர், 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் பனிச்சரிவில் சிக்கிய பொழுதுபோக்குப் பயணிகளின் 715 விபத்துகளை எடுத்து அலசினார். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள்கூட, தங்களுக்குப் பழக்கமான சரிவு என்றால், ஒன்றும் தெரியாதவர்கள் எடுக்கும் அளவுக்கு ஆபத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'இருபது தடவை வந்திருக்கேன்' என்பது கயலின் அப்பா அடிக்கடி சொல்லும் வசனமாக இருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. இருபது தடவை வந்திருக்கிறார், இருபது தடவையும் அதிர்ஷ்டம் கைகொடுத்திருக்கிறது, அதைத் திறமை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்டவரை நமக்கெல்லாம் தெரியும். சில நாள் கண்ணாடியிலேயே தெரியும்.

துணிச்சலுக்கு அதன் மரியாதையையும் கொடுத்துவிடுங்கள். 1972-இல் டூகல் ராபர்ட்சன் என்பவரின் குடும்பம் பசிபிக் பெருங்கடலில் படகு மூழ்கித் தவித்த கதை நிஜத்தில் நடந்தது. பண்ணையை விற்றுப் பழைய மரப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, பிள்ளைகளோடு உலகைச் சுற்றக் கிளம்பிய தம்பதி அவர்கள். காலப்பகோஸ் தீவுகளைத் தாண்டியபின் கொலைகாரத் திமிங்கிலங்கள் மோதிப் படகு சில நிமிடங்களில் மூழ்கிப்போனது. பெற்றோர், மூத்த மகன், சிறுவர்களான இரட்டையர், கூட வந்த ஓர் இளைஞர் என ஆறு பேர். காற்றடைத்த மிதவை பதினேழு நாளில் உதவாமல் போக, சுமார் மூன்று மீட்டர் நீளமே உள்ள சின்னப் படகுக்குள் மாறினார்கள். மழைநீரையும் கடலாமையையும் நம்பி மொத்தம் 38 நாள் உயிரோடு இருந்து, ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றால் காப்பாற்றப்பட்டார்கள். பிள்ளைகளை அப்படிக் கூட்டிக்கொண்டு போனதே பொறுப்பில்லாத வேலை என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அவர்களைத் தாக்குப்பிடிக்க வைத்ததிலும் அதே முரட்டு நம்பிக்கைக்குப் பங்கு இருக்கிறது. தாய் செவிலியராக இருந்தவர் என்பதும், தந்தை கடலில் வேலை பார்த்தவர் என்பதும் சேர்ந்துதான். உங்கள் பெற்றோர் இருவருக்கும், மாட்டிக்கொண்ட பிறகு மட்டும் வெளிப்படும் ஒரு திறமை வேண்டும். அது முன்பு நமக்கு எரிச்சலூட்டிய குணத்தின் மறுபக்கமாக இருந்தால் நல்லது.

மாட்டிக்கொள்ளும் விதம் பற்றி. ஒரே பெரிய முட்டாள்தனத்தால் அவர்கள் வழி தவறுவதாக எழுதாதீர்கள். நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும் நாலைந்து சின்ன முடிவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். தாமதமாகக் கிளம்புகிறார்கள். பை கனக்கிறது என்று தார்ப்பாயை வண்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு குறுக்குவழி. 1846-இல் அமெரிக்காவின் மேற்கே குடிபெயர்ந்த டோனர் குழுவினர், ஹேஸ்டிங்ஸ் என்பவர் விளம்பரப்படுத்திய ஒரு குறுக்குவழியில் போனார்கள். குழுவில் இருந்த ஜேம்ஸ் ரீட் அந்த வழிக்காகப் பிடிவாதமாக நின்றவர். அப்போதுதான் அந்த வழியாக வந்திருந்த பழைய நண்பர் ஒருவர் வேண்டாம் என்று நேரிலேயே எச்சரித்தும் கேட்கவில்லை. சியரா நெவாடா மலைப் பனியில் சிக்கி, 87 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தார்கள். ரீட் குடும்பத்துப் பிள்ளைகள் பிழைத்தார்கள். அவருடைய மகள் வர்ஜீனியாவுக்கு அப்போது 13 வயது. மறுவருடம் உறவுப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், ஒருபோதும் குறுக்குவழியில் போகாதே, முடிந்த அளவு சீக்கிரமாக வந்து சேர் என்று எழுதினாள். உங்கள் கயல் எழுதக்கூடிய கடிதம்தான் அது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கயலின் கையில் கொடுங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, கிளம்புவதற்கு முன் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வருகிறாள். "ஞாயிறு ராத்திரிக்குள்ள நாங்க போன் பண்ணலைன்னா இதைக் காட்டுங்க." அப்பா கேலி செய்கிறார். வெளியாள் ஒருவருக்கு வழியும் நேரமும் தெரிந்திருப்பதுதான் காட்டுக்குள் போகிறவருக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. இந்தத் தாளே உங்களுக்கு ஒரு கடிகாரமும் ஆகிவிடும்: சனிக்கிழமை மாட்டினால், திங்கள் காலைக்கு முன் யாரும் தேட மாட்டார்கள். அப்புறம் அதைக் கெடுத்துவிடுங்கள். தாளில் எழுதிய வழியில் அப்பா போகவில்லை, குறுக்குவழியில் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டார். தேடுகிறவர்கள் வருவார்கள், தவறான இடத்துக்கு. நான்காம் நாள் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

திரும்பும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். மலையில் 'எங்கே இருந்தாலும் இந்த மணிக்குத் திரும்பிவிட வேண்டும்' என்று முன்கூட்டியே ஒரு நேரம் வைப்பார்கள். கால் வலிக்காத, மனசு தெளிவாக இருக்கிற காலையிலேயே அதை முடிவு செய்வதுதான் அதன் சூட்சுமம். 1996 மே மாதத்தில் எவரெஸ்ட்டில் பலர் பிற்பகல் 2 மணி தாண்டியும் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். புயல் வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். கயல் அப்பாவிடம் 2 மணி என்று வாக்கு வாங்கியிருக்கிறாள். 2 மணிக்கு அவர், "அந்த மேடு வரைக்கும்தான், இருபது நிமிஷம்" என்கிறார். அந்த இருபது நிமிடத்தை நீங்கள் மூன்று பக்கம் எழுதலாம்.

இனி காட்டுக்குள் உடம்பு என்ன செய்யும் என்பது. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இதில்தான். மாட்டிய அன்று மாலையே பாத்திரங்கள் பழம் பறிக்கவும் மீன் பிடிக்கவும் கிளம்பிவிடுவார்கள். உணவு கடைசிக் கவலை. பயிற்சியில் மூன்று மூன்றாகச் சொல்லித்தருவார்கள்: காற்று இல்லாமல் மூன்று நிமிடம், கடும் குளிரிலோ வெயிலிலோ மறைப்பு இல்லாமல் மூன்று மணி நேரம், தண்ணீர் இல்லாமல் மூன்று நாள், உணவு இல்லாமல் மூன்று வாரம். துல்லியமான கணக்கு இல்லை, முன்னுரிமை வரிசை. நான்கு நாளில் அவர்கள் பசியால் சாகப்போவதில்லை. முதல் இரவின் ஈரமும் காற்றும்தான் வில்லன். தெரியாத செடியைத் தின்று வயிற்றுப்போக்கு வந்தால், பட்டினியைவிட வேகமாக உடம்பின் நீர் போய்விடும். கயல் தின்னவேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவள் பேச்சு நிஜமாகவே எடைபோடும்.

குளிர் என்றால் பனி பெய்ய வேண்டியதில்லை. 10 டிகிரி செல்சியஸில் நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தாலே போதும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தாழ்வெப்ப நிலை என்பார்கள். முதலில் நடுக்கம், விரல் சொன்னபடி கேட்காது, கால் தடுக்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். இதில் கதைக்கு மிக முக்கியமானது, பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது என்பது. முதலில் போவது நிதானம். அப்பா மேலங்கியின் ஜிப்பை மாட்ட முடியாமல் தடவிக்கொண்டே "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். எப்போதுமே அப்படிச் சொல்கிற மனிதர் அவர். இந்தத் தடவை அது சுபாவமா, குளிரா? அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, பதினொரு வருடமாக அவரைக் கவனித்துக்கொண்டே வளர்ந்த ஒரு பிள்ளையால்தான் முடியும். அதே சமயம், கயலின் உடம்பு அவரைவிடச் சீக்கிரம் குளிரும். எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்குத் தோலின் பரப்பு அதிகம். ஆகவே அவளுக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அம்மாவின் திறமைக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது. தரைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சும், எனவே மேலே கூரை போடுவதற்கு முன் கீழே காய்ந்த சருகையும் கிளைகளையும் தடிமனாகப் பரப்ப வேண்டும். சின்ன இடமாக இருக்க வேண்டும், மூன்று உடம்பும் ஒட்டிக்கொள்கிற அளவு. சேறு, பூச்சி என்று முகம் சுளிக்காமல் சருகுக்குள் புகுந்து, "இன்னிக்கு நாம மூணு பேரும் முள்ளம்பன்றி" என்று விளையாட்டாக்கக்கூடியவர் அந்த அம்மாதான். கயலால் அது முடியாது. முடியாது என்று அவளுக்கே தெரியவும் வேண்டும்.

அடுத்தது, என்னைக் கேட்டால் கதையின் இதயமே இதுதான்: பயந்த குரல் துணிந்த காதுக்குள் எப்படிப் போகும்? 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் ஓடத் தொடங்கிய நேரத்தில், அதன் பொறியாளர் மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று கேட்டிருக்கிறார். தலைமை விமானி அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். போய்விட்டது என்று உறுதியாகச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், சிறியவர் பெரியவரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது, பெரியவர் எப்படிக் கேட்பது என்பதை விமானிகளுக்குப் பாடமாகவே நடத்தத் தொடங்கினார்கள். பெயர் சொல்லிக் கவனத்தைத் திருப்பு, உன் கவலையைச் சொல், பார்த்ததைச் சொல், என்ன செய்யலாம் என்று சொல், சம்மதம் கேள். கயல் இதைப் படித்திருக்க வேண்டியதில்லை. தடுமாறித் தடுமாறி அவளே கண்டுபிடிக்கட்டும். முதல் நாள் முணுமுணுக்கிறாள், யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கத்தி அழுகிறாள், அம்மா சமாதானம் செய்கிறார், முடிவு மாறவில்லை. மூன்றாம் நாள் ஆற்றங்கரையில்:

"அப்பா, ஒரு நிமிஷம் என் முகத்தைப் பாருங்க. எனக்கு இது சரியாப் படலை. காலையில நான் நட்ட குச்சி இப்போ பாதி தண்ணிக்குள்ள இருக்கு. மழை நின்னாத் தண்ணி வடியும், நாளைக்குப் பார்க்கலாம். இன்னிக்கு யாரும் இறங்க வேண்டாம். சரியா?"

பேச்சுத் தமிழில் ஐந்தாறு வாக்கியம்தான். ஆனால் முதல் பக்கத்திலிருந்து நாம் நடந்து வந்தது இதற்குத்தான். அப்பா உடனே கேட்டுவிட வேண்டாம், குச்சியைப் பார்க்கட்டும்.

பிள்ளை சொல்லிப் பெரியவர்கள் நகர்வது நம்பும்படி இருக்குமா என்று நீங்கள் தயங்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில், மாய் காவ் கடற்கரையில் பெற்றோரோடு விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயதுப் பிரிட்டிஷ் சிறுமி, கடல் நுரைத்துக்கொண்டு விசித்திரமாக நடந்துகொள்வதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் பள்ளியில் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். பெற்றோர் முதலில் நம்பவில்லை. அவள் விடவில்லை. தந்தை காவலாளியிடம் சொன்னார், கடற்கரை காலியானது, சுமார் நூறு பேர் தப்பித்தார்கள். அவள் பார்த்ததைத்தான் அங்கிருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் ஆறு. கயலைத் தனியாக அதில் இறக்காதீர்கள். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடினால் முழங்கால் அளவுத் தண்ணீரே பெரியவரைக் கவிழ்க்கும், 11 வயதுப் பிள்ளையின் எடைக்குக் கேட்கவே வேண்டாம். உங்கள் வாசகருக்கும் 11 வயது. பொங்கும் ஆற்றில் பயத்தை உதறிவிட்டு இறங்கினால் மறுகரை வரும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் தயாரில்லை. கதைக்கணக்கிலும் அது தோல்விதான். மூன்று நாளாக அவள் பார்த்தது, எண்ணியது, எழுதியது எதற்கும் கடைசி அத்தியாயத்தில் வேலை இல்லாமல் போகிறது. ஆற்றோடு கீழே இறங்கிப் போனால் ஊர் வரும் என்ற நம்பிக்கையும் மலையில் பலிக்காமல் போகலாம். ஓடைகள் இடுக்குக்குள் நுழையும், அருவியாக விழும்.

ஆகவே உச்சகட்டத்தில் தாண்ட நினைப்பது அப்பா, தாண்டாமல் இருக்க வைப்பது கயல். 'காத்திருப்பதில் என்ன விறுவிறுப்பு?' என்று கேட்பீர்கள். காத்திருப்பது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. திங்கட்கிழமை, பக்கத்துப் பள்ளத்தாக்கின் மேல் ஹெலிகாப்டர் சத்தம். வருகிறது, திரும்பிப் போகிறது. அம்மா கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. விசில் சத்தம் குரலைவிட வெகுதூரம் போகும், களைப்பும் குறைவு. மூன்று ஊதல், இடைவெளி, மறுபடி மூன்று. மூன்று என்பது பல நாடுகளில் ஆபத்துக்கான அடையாளம். கயல் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஊதுகிறாள். அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை, ஏதாவது செய்தே ஆக வேண்டும். அப்போது கயல் அவருடைய துணிச்சலுக்கு ஒரு வேலை கொடுக்கிறாள்: முகாமுக்கு மேலே, குரல் எட்டும் தூரத்தில் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது, அங்கே ஏறி அவளுடைய ஆரஞ்சு நிற மழைச்சட்டையை விரித்துக் கட்ட வேண்டும். அவளால் அந்தப் பாறையில் ஏற முடியாது, முயலவும் மாட்டாள். அவர் ஏறுவார். ஏறுவதற்கு முன் முதல் தடவையாக அவர் கேட்கட்டும்: "எந்தப் பக்கமா ஏறட்டும்?"

குடும்பம் பிரிந்து போவதாக ஒரு காட்சி வேண்டுமென்றால் இன்னொரு தகவல். 1981-இல் கலிபோர்னியாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மலையில் தொலைந்து இறந்தபின், தொலைந்தால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இயக்கம் ஒன்று தொடங்கியது. தொலைந்த பிள்ளைகள் தேடி வருபவர்களிடமிருந்தே ஒளிந்துகொள்வதும் உண்டு. அந்நியரிடம் பேசாதே என்று வளர்த்திருப்போம். திட்டு விழும் என்ற பயமும் இருக்கும். எல்லா விதிகளையும் மதிக்கும் கயலுக்கு இந்தத் தடுமாற்றம் அழகாகப் பொருந்தும். அவளுடைய முன்யோசனையும் எப்போதும் சரியாக இருக்காது என்று காட்ட இது உதவும். அவள் தவறும் இடம் ஒன்றாவது இல்லாவிட்டால், அவள் குட்டி ஆசிரியை ஆகிவிடுவாள்.

ஒன்று பாக்கி. கயலின் முன்யோசனையில் எவ்வளவு அவளோடு பிறந்தது, எவ்வளவு அவள் மேல் சுமத்தப்பட்டது? வீட்டில் யாரும் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்காவிட்டால், பார்க்கிற வேலை ஒரு பிள்ளையின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெற்றோருக்குப் பெற்றோராக இருக்கும் பிள்ளைகள் வெளியே பார்க்கச் சமர்த்தாகத் தெரிவார்கள்; உள்ளே களைத்திருப்பார்கள். இதைப் பெரிய வசனமாக எழுத வேண்டாம். நான்காம் இரவு, கயல் விசிலைப் பிடித்தபடி கண் சொருகச் சொருக விழித்திருக்கிறாள். அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விசிலை எடுத்துக்கொள்கிறார். "மூணு ஊதல், ஒரு நிமிஷம், மறுபடி மூணு. சரிதானே? நீ தூங்கு." கயல் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அம்மா ஒரு நிமிடத்தைக்கூடத் தவறவிடவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வருகிறது. காப்பாற்றப்படுவது மறுநாள் காலையில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகலாம்.

திருத்தத் தொடங்கும்போது முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். ஆற்றங்கரைக் காட்சியை முதலில் எழுதிவிடுங்கள். அந்தக் குச்சி, அந்த விசில், ஆரஞ்சு மழைச்சட்டை மூன்றும் அங்கே தேவைப்படும் என்று தெரிந்த பிறகு, அவற்றைக் கயலின் பட்டியலில் எந்தெந்த வரியில் ஒளித்துவைப்பது, எதைப் பார்த்து அப்பா சிரிப்பது என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.